பதினான்காம் கேள்விக்கு ஒரு படி சாமை

முரளியின் மேல் எந்த வழக்கும் இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது, அப்படி இல்லை என்று சொல்லும் ஒரு காகிதம் மட்டும்தான்.

அவன் மனைவி கலைமணி கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பொங்கலுக்கு விடுப்பில் வந்துபோனவள், போய் ஒன்றரை மாதம் கழித்து, ஐப்பசியில் குழந்தை பிறக்கும் என்று போனில் சொன்னாள். அதற்குள் முரளி அங்கே இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். குடியேற்ற விசாவுக்குக் கேட்ட காகிதங்களை ஆடி முடிவதற்குள் சேர்த்தும்விட்டான். கல்யாணச் சான்று, மருத்துவச் சான்று, இரண்டு காதும் தெரியும்படி எடுத்த படம். மிளகுக்கொடியை யார் பார்த்துக்கொள்வது என்பதுகூட முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது போலீஸ் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான்.

சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அம்சவேணி விண்ணப்பத்தை ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "இது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்கண்ணா. ஸ்டேஷன்ல கூப்புட்டு நாலு கேள்வி கேப்பாங்க. எல்லாத்துக்கும் இல்லை இல்லைனு சொல்லிட்டு வந்துருங்க."

"கேள்வியைக் கேக்கறதுக்கு முன்னாடியே எப்படீங்க இல்லைனு முடிவு பண்றது?" என்றான் முரளி.

அம்சவேணி சிரித்தாள். அவன் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

காவல் நிலையம் மலை அடிவாரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். நன்னடத்தை விசாரணை அங்கே ஏட்டு காளியண்ணனின் பொறுப்பு. அவரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். நீட்டியிருந்தால் இந்தக் கதை முதல் நாளே முடிந்திருக்கும்.

"உக்காரு தம்பி. மொத்தம் இருவத்திரண்டு கேள்வி. நிதானமா பதில் சொல்லு. எனக்கும் வருசா வருசம் டிப்பார்ட்மென்ட்ல இதே படிவந்தான் குடுக்கறாங்க. இருவத்தாறு வருசமா நிரப்பறேன். தை மாசம் பதவி உயர்வு. ஒரு கறை கெடையாது."

முதல் பதின்மூன்று கேள்விகள் சுமுகமாகப் போயின. ஐந்தாவது கேள்வி குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை. இரண்டு என்றான் முரளி. பதினான்காவது கேள்வியைக் காளியண்ணன் பாடம் ஒப்பிப்பதுபோலப் படித்தார்:

"விண்ணப்பதாரரை எந்த ஒரு நீதிமன்றமோ, மன்றமோ, சபையோ, குழுவோ, பிற அமைப்போ எப்போதேனும் தண்டித்ததுண்டா?" படித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

"உண்டுங்க" என்றான் முரளி.

பேனா நின்றது.

நடந்தது இதுதான். கொல்லிமலையின் குண்டனி நாட்டில் இருக்கும் முரளியின் ஊருக்கு ஓர் எல்லைக்கல் உண்டு. கல்லுக்கு உள்ளே யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. எல்லோருடைய செருப்பும் கல்லுக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும். ஊரில் போன் சிக்னல் கிடைப்பதோ கல்லுக்கு உள்ளே, ஊர்ச்சபை கூடும் பலாமரத்தடியில் மட்டும். இரண்டு வருடம் முன்பு, கலைமணிக்குக் கனடாவில் வேலை கிடைத்த அன்று, போன் பாதி ஒலித்து அறுந்துபோக, முரளி காட்டிலிருந்து செருப்போடு பலாமரத்துக்கு ஓடிவிட்டான். அன்று மாலை சபை கூடியது. ஒரு தேங்காய், ஒரு படி சாமை, சபையின் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். கும்பிட்டான். ஊர்க்கவுண்டர் செங்கோடன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் விட்டால் அந்தப் பேச்சு தீர்ந்தது. அதன்பிறகு அதை யார் வாயால் எடுத்தாலும் அவருக்கு அதே தண்டனை.

இதை முரளி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான். எல்லைக்கல்லைத் தாண்டி, மலைப்பாதையின் எழுபது வளைவுக்குக் கீழே பேசுவதால் குற்றமாகாது என்று அவன் நினைத்தான். மேலும், கேட்டது போலீஸ்.

காளியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒருவிதப் பரவசம்தான் இருந்தது.

"தம்பி, இருவத்தாறு வருசத்துல பதினாலுக்கு 'ஆமா'னு சொன்ன மொத ஆளு நீதான். கொலை பண்ணிட்டு வந்தவன்கூட இல்லைனுதான் சொல்லுவான். நாமளும் எழுதிக்குவோம். இப்ப நீ ஆமான்ட்ட. ஆமான்னா கீழே அஞ்சு கட்டம் இருக்கு பாரு. அதை நெரப்பணும். இதுவரைக்கும் நெரப்புனதே இல்ல."

ஐந்து கட்டங்கள்: சபையின் பெயர், தீர்ப்பு நாள், தண்டனை, தண்டனை நிறைவேறிய விவரம், தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல்.

"நகல் ஒண்ணு வாங்கிட்டு வந்துரு" என்றார் காளியண்ணன். "சீல் தெளிவா இருக்கட்டும்."

*

செங்கோடன் சாமைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். முரளி விஷயத்தைச் சொன்னான். அவர் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப எதைப் பத்திப் பேசுன?"

"அந்தச் செருப்பு விசயமுங்க பெரியப்பா."

"அதுக்குத் தண்ணி விட்டாச்சல்லோ சாமி."

"விட்டாச்சுங்க. அந்த நகலுதான்..."

"மறுக்காவும் பேசற பாரு." செங்கோடனுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "நான் காதுல வாங்காத மாதிரி இருந்துக்கலாம்னு பாத்தேன். ரெண்டு தடவ சொல்லிப்போட்ட. அந்தப்பக்கம் ராமாயி வேற நிக்குது."

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ராமாயி, "எனக்கு நல்லாவே கேட்டுச்சுங்க" என்றாள்.

சபை கூடியது. ஒரு தேங்காய், ஒரு படி சாமை. விழுந்து கும்பிட்டான். தண்ணீர் விட்டார்கள். நகல் கிடையாது. தீர்ப்பை எழுதி வைத்தால் அது காலமெல்லாம் பேசிக்கொண்டே இருக்குமே என்றார் செங்கோடன்.

அடுத்த வாரம் காளியண்ணன் படிவத்தை எடுத்து, முதல் வேலையாக, "கடைசி விசாரணைக்கப்புறம் புதுசா ஏதாச்சும் நடவடிக்கை?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல முரளிக்கு ஒரு நொடி தோன்றியது. ஆனால் படிவத்தின் அடியில், தெரிந்தே தவறான தகவல் தந்தால் சான்று மறுக்கப்படும் என்று அச்சிட்டிருந்தது. அதை அவன் படித்திருந்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படிப்பவர்கள் அதிகம் இல்லை.

"உண்டுங்க. போன வெசாழக்கிழமை."

"என்ன குத்தம்?"

"நகல் கேட்டதுங்க."

காளியண்ணன் இரண்டாவது தாளை எடுத்து முதல் தாளோடு குண்டூசியால் சேர்த்தார். "ரெண்டாச்சுன்னா 'தொடர்ச்சியாக' அப்படிங்கற தலைப்புக்குப் போயிருது. என் கையில இல்ல. மேடத்தைப் பாக்கணும்."

*

ஆய்வாளர் சங்கீதாவின் அறையில் சுவர் முழுக்க ஒரு வரைபடம். குற்றம் நடந்த இடங்களில் எல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருந்தது. அவர் முரளியை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், ஏட்டிடம் கேட்டார்: "இவர் ஊர்ல இருந்து நமக்கு எத்தனை கேஸ் வந்திருக்கு?"

"ஒண்ணுகூட இல்லீங்க மேடம். ஸ்டேஷன் ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

சங்கீதா எழுந்து வரைபடத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"பாருங்க மிஸ்டர் முரளி. திருடன் இருக்கற ஊர்ல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. திருடன் யாருன்னு தெரியும். மிச்சப்பேர் நல்லவங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதிக் குடுப்பேன். உங்க ஊர்ல ஒரு திருட்டு இல்லை, ஒரு அடிதடி இல்லை. அப்ப நான் யாரைக் கழிச்சுட்டு யாரை நல்லவங்கன்னு சொல்றது? மொத்த ஊரும் சந்தேகத்துல நிக்குது. இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

முரளி யோசித்தான். நல்லா இல்லை என்றுதான் பட்டது.

"குற்றத்தைக் குறைக்கறது எங்க நோக்கம் இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஆனா குறையறதா இருந்தா எங்க மூலமா குறையணும். உங்க பாட்டுக்கு நீங்களே தேங்காயும் சாமையும் வெச்சுக் குறைச்சுக்கிட்டா, அந்தப் பெருமை எந்தக் கட்டத்துல வரும்?" அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்பு ஊசியை எடுத்தார். "பரவாயில்லை. இப்பத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு."

முரளியின் ஊர் வரைபடத்தில் ஏறியது. ஊசியைக் குத்திய இடம் உண்மையில் ஊருக்குக் கிழக்கே ஓடும் ஓடை. அதைச் சொல்லலாமா என்று நினைத்தான். சொன்னால் அதற்கு ஒரு படிவம் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

உத்தரவு எழுத்தில் வந்தது: மேற்படி சபையின் தலைவர், மேற்படி இரண்டு தண்டனைகளின் தன்மை குறித்து விளக்கக் கடிதம் தர வேண்டும்.

கடிதம் வேண்டுமென்றால் செங்கோடனிடம் கேட்க வேண்டும். கேட்டால் பேசியதாகும். முரளி மூன்று நாள் யோசித்துவிட்டு, உத்தரவை அவர் கையில் கொடுத்து வாயே திறக்காமல் நின்றான். செங்கோடன் அதை ராமாயியிடம் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு படித்த ராமாயி அதை மரத்தடியில் நின்று சத்தமாகப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அன்று சபை இரண்டு தேங்காய் வாங்கியது, கொண்டுவந்தவனிடம் ஒன்று, படித்தவளிடம் ஒன்று.

"உன்ற பொண்டாட்டிகிட்டப் போறதுக்குள்ள எங்க எல்லாத்தையும் கும்பிட வெச்சுருவ போல இருக்குது" என்று ராமாயி மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "உங்கூட்டுச் சாமை தீந்துபோச்சுன்னா சொல்லு, எங்கூட்டுல இருக்குது."

கடிதம் கிடைக்கவில்லை. புரட்டாசி போனது. முரளி இன்னும் இரண்டு முறை மலையிறங்கினான். ஒவ்வொரு முறையும் காளியண்ணன் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் உண்டு. இப்போது அவர் கேட்கும்போதும் தான் சொல்லும்போதும் அவனுக்கு ஒன்றும் உறைப்பதில்லை. காட்டில் அட்டை கடித்தால் கடிபட்ட இடம் மரத்துப்போகும். ரத்தத்தைக் கண்டால்தான் தெரியும். அப்படித்தான் இருந்தான். கலைமணி போனில், "எப்ப மாமா வருவீங்க?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்ன கேட்டாங்க?" என்று ஆரம்பித்திருந்தாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம், ஐந்தாவது விசாரணையின்போது, அவன் சட்டைப்பையில் போன் துடித்தது.

"விசாரணை நடக்கறப்ப போன் எடுக்கக்கூடாது தம்பி" என்றார் காளியண்ணன். "எனக்கு ஒண்ணுமில்ல. முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

போன் நான்கு முறை துடித்து ஓய்ந்தது. இருபத்திரண்டாம் கேள்வி முடிந்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் பார்த்தான். ஒரு படம். துணிச்சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம். கீழே, "பொண்ணு. மூணு கிலோ. உங்க மூக்கு" என்று இருந்தது.

அவன் அதைப் பார்த்தபடி நின்றான். மனதில் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. கொல்லிமலை பஸ் வந்து, நின்று, போனது. பிறகுதான், ஐந்தாம் கேள்விக்குத் தான் சொன்ன பதில் இப்போது தவறாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே போனான்.

"ஐயா, குடும்ப உறுப்பினருங்க... ரெண்டுனு சொன்னேனுங்க. மூணுங்க."

காளியண்ணன் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. மூன்று பிள்ளை பெற்றவர். "நல்லா இருக்கட்டும் தம்பி. தங்கமாட்டம் இருக்குது." பிறகு பேனாவை எடுத்தார். "பிறப்புச் சான்று?"

"அது இனிமேத்தானுங்க. அங்க குடுப்பாங்க."

"அப்ப ரெண்டுனே இருக்கட்டும்" என்று பேனாவை மூடினார்.

*

அந்தக் குழந்தையின் படம்தான் காரணமா, மேலிடத்திலிருந்து நிலுவைப் பட்டியல் கேட்டதுதான் காரணமா தெரியாது. மறுவாரம் காளியண்ணன் நேரடி விசாரணைக்காகத் தானே மலையேறி வந்தார். எல்லைக்கல்லில் செங்கோடன் அவரை எதிர்கொண்டார். பின்னால் பாதி ஊர்.

"வாங்க வாங்க. பூட்ஸை மட்டும் இங்க கழட்டி வெச்சுருங்க."

"பூட்ஸ் யூனிஃபார்ம்ல சேர்ந்தது பெரியவரே. கடமையில இருக்கறப்ப கழட்டுனா நான் அரைகுறை உடுப்புல இருக்கறதா அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, கல்லைத் தாண்டி, பலாமரத்தடிக்கு நடந்துபோய், கோப்பைத் திறந்து, எல்லோர் காதிலும் விழும்படி படித்தார்: "மேற்படி முரளி என்பவர் செருப்பணிந்து உள்ளே வந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் குறித்து..."

ஊர் அவர் பூட்ஸையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தது. ராமாயி மட்டும், "அடக் கடவுளே, இந்தாளு ரெண்டும் ஒண்ணாச் செஞ்சுபோட்டாரே" என்றாள்.

சபை கூட அதிக நேரம் ஆகவில்லை. எல்லோரும் ஏற்கனவே அங்கேதான் இருந்தார்கள். செங்கோடன் மிகுந்த மரியாதையோடு தீர்ப்பைச் சொன்னார். பூட்ஸுக்கு ஒரு தேங்காய், ஒரு படி சாமை. பேசியதற்கு இன்னொரு தேங்காய், இன்னொரு படி. சபையின் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும்.

"நான் அரசு ஊழியன்" என்றார் காளியண்ணன்.

"இருக்கட்டுங்க. அதுக்குத் தனியா ஒண்ணும் இல்லீங்க."

காளியண்ணன் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கையில் இருந்த கோப்பில் பதினான்காம் கேள்வி திறந்திருந்தது. எந்த ஒரு நீதிமன்றமோ, மன்றமோ, சபையோ, குழுவோ, பிற அமைப்போ. இன்னும் இரண்டு மாதத்தில் அவரும் அதே படிவத்தை நிரப்ப வேண்டும். தை மாதம் பதவி உயர்வு. இருபத்தாறு வருடமாக ஒரு கறை இல்லை.

மரத்தடியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தபோது குரல் புதிதாக இருந்தது.

"இந்தச் சபைக்குப் பதிவு எண் உண்டா?"

"இல்லீங்க."

"லெட்டர்பேடு? சீல்? செயலாளர், பொருளாளர்?"

"மரந்தானுங்க இருக்குது."

"பதிவு எண் இல்லாத அமைப்பு அமைப்பே அல்ல. அமைப்பே இல்லாதப்ப தண்டனை எப்படி வரும்? தண்டனையே இல்லாதப்ப இந்தத் தம்பிக்கு எப்படி ஆமான்னு எழுத முடியும்? இவன் ஏதோ கனவு கண்டுட்டுச் சொல்லியிருக்கறான். இந்தச் சின்ன விசயத்துக்காக மூணு மாசம் ஒரு குடும்பத்தை அலைய விட்டது யாருன்னு எனக்கே ஆத்திரமா வருது." அவர் அங்கேயே, முட்டியின் மேல் வைத்து எழுதினார். அப்படிப்பட்ட சபை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட சம்பவம் எதுவும் நடக்கவில்லை. விண்ணப்பதாரர் நன்னடத்தை உடையவர்.

"சபை இல்லைனே எழுதிக்குங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் செங்கோடன். "தேங்கா மட்டும் எப்ப தருவீங்க?"

காளியண்ணன் இரண்டு தேங்காய்க்கும் இரண்டு படி சாமைக்கும் அங்கேயே ஏற்பாடு செய்தார். அது தண்டனை அல்ல, சாமிக்குக் காணிக்கை என்று இரண்டு முறை சொன்னார். விழுந்து கும்பிடுவதுதான் பாக்கி. ஊர் காத்திருந்தது. ஏட்டு சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். நிதானமாக, இரண்டு காலுக்கும். சபை அதைக் கும்பிட்டதாக எடுத்துக்கொண்டது.

செங்கோடன் சொம்பிலிருந்து தண்ணீரைத் தரையில் ஊற்றினார்.

எல்லைக்கல் வரை வழியனுப்பப் போன முரளியிடம் காளியண்ணன் குரலைத் தணித்துக் கேட்டார்: "தம்பி, தண்ணி விட்டாச்சுன்னா யாரும் பேச மாட்டாங்கதானே?"

"பேசுனா தேங்காங்க."

"நல்ல ஏற்பாடு" என்றார் ஏட்டு. மனதாரத்தான் சொன்னார்.

பத்து நாளில் சான்று வந்தது. ஆய்வாளரின் வரைபடத்திலிருந்து ஊசியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேள்வி. வரைபடத்து ஓடையில் ஓட்டை மட்டும் இருக்கக்கூடும்.

*

அம்சவேணி சான்றை விசா விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டு, "இன்னும் ஒரே ஒரு பக்கந்தானுங்கண்ணா. நீங்களே பாத்து அழுத்திருங்க, இது உறுதிமொழி மாதிரி" என்று நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். கேள்வியைத் தமிழில் சொன்னாள்: "எப்பவாவது உங்களைப் போலீஸ் விசாரிச்சிருக்குதா? ஆமா, இல்லை. இல்லைனு அழுத்துங்க."

முரளி திரையைப் பார்த்தான். ஐந்து முறை விசாரித்திருந்தது. ஒரு முறை வீட்டுக்கே வந்து விசாரித்தது.

"ஆமான்னு அழுத்துனா என்னாகுமுங்க?"

"கீழே அஞ்சு கட்டம் தொறக்கும்."

முரளி எழுந்தான். பிறகு மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பஸ் போன புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பாட்டிலைக் கவிழ்த்துத் தரையில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

"ஏனுங்கண்ணா, தண்ணி நல்லா இல்லீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து அம்சவேணி.

அவன் காலிப் பாட்டிலை மூடினான். வெறுங்காலோடு உள்ளே வந்து உட்கார்ந்து, 'இல்லை' என்பதை அழுத்தினான். கட்டம் எதுவும் திறக்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது.

பிள்ளைகள் எத்தனை?

அம்சவேணி காத்திருந்தாள். பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முரளியின் விரல் எண்களின் மேல் நின்றது, நகரவில்லை. திரை மங்கலாகத் தெரிந்தது. சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அப்புறம் 'ஒன்று' என்பதை அழுத்தினான்.

யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை.